மூடிய டோம் லைட்டுக்குள் எல்.இ.டி. பல்ப்: ஸ்டிக்கர் சொல்வதா, பெட்டி சொல்வதா?

கூரைவிளக்கு:

வணக்கம். கூரையோடு ஒட்டியிருக்கும் கண்ணாடி டோம் லைட் ஒன்று. விட்டம் 30 செ.மீ., ஆழம் 10 செ.மீ. உள்ளே படுக்கைவாட்டில் இரண்டு இ27 (மரை வைத்த) ஹோல்டர். ஒரு ஹோல்டருக்கு அதிகபட்சம் 60 வாட் என்று தகட்டில் ஸ்டிக்கர் இருக்கிறது. இதில் 12 வாட் எல்.இ.டி. இரண்டு போடலாம் என்று எண்ணம். மொத்தமே 24 வாட்தான். 120 வாட்டைத் தாங்குகிற ஃபிட்டிங்குக்கு 24 வாட் ஒரு பொருட்டா? ஆனால் பல்ப் பெட்டியின் ஓரத்தில், முழுக்க மூடிய விளக்குகளில் போடக் கூடாது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எதைக் கேட்பது? பழைய சி.எஃப்.எல். இரண்டு கையில் உள்ளன. அவற்றைப் போட்டால் பிரச்சினை தீருமா?

குளிர்வெளிச்சம்:

தாராளமா போடுங்க. எல்.இ.டி. சூடே ஆகாது. எரியும்போதே பல்பைத் தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னுதான் இருக்கும். குண்டு பல்பை அப்படித் தொட முடியுமா? பெட்டில இருக்கிற எச்சரிக்கை எல்லாம் வாரன்டி கேட்டு யாரும் வந்துடக் கூடாதுன்னு போடறது.

செம்புக்கம்பி:

//எல்.இ.டி. சூடே ஆகாது//

தொட்ட இடம் தப்பு. வெள்ளைக் குடுவையைத் தொட்டா வெதுவெதுப்புதான் தெரியும். அதுக்கும் உலோக மூடிக்கும் நடுவுல கழுத்து மாதிரி ஒரு பகுதி இருக்கு பாருங்க, சூடு அங்கதான். திறந்த காத்துல எரியற 9 வாட் பல்புலயே அந்த இடத்துல கை வச்சா அஞ்சாறு நொடிக்கு மேல தாங்காது.

கூரைவிளக்கு கேட்டதுக்கு என் பதில்: ஸ்டிக்கரும் சரி, பெட்டியும் சரி. ரெண்டும் வேற வேற பொருளைக் காப்பாத்தறதுக்குப் போட்டது. ஸ்டிக்கர் காப்பாத்தறது ஃபிட்டிங்கை, அதாவது ஹோல்டர், ஒயர் மேல இருக்கிற உறை, தகடு, ஷேடு. பெட்டி காப்பாத்தறது பல்பை. 24 வாட்டால ஃபிட்டிங்குக்கு ஒண்ணும் ஆகாது. பல்புக்குத்தான் ஆகும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், நிறைய பேர் மாட்டிக்கிற இடம் இது. பெட்டி முகப்புல பெருசா "60 வாட்டுக்குச் சமம்"னு போட்டிருப்பாங்க. அது வெளிச்சக் கணக்கு. சூட்டுக் கணக்குக்கும் ஸ்டிக்கர் கணக்குக்கும் பல்ப் உண்மையிலேயே இழுக்கற வாட்டைத்தான் பார்க்கணும். அது மூடிக்குப் பக்கத்துல பொடியா அச்சாகியிருக்கும்.

ஓம்விதி:

செம்புக்கம்பி சொன்னதற்கு எண்களைச் சேர்க்கிறேன். சூடு எந்த வழியாக வெளியேறுகிறது என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகத் தெளியும்.

குண்டு பல்பில் இழை சுமார் 2,500 டிகிரியில் எரிகிறது. வாங்கிய மின்சாரத்தில் பெரும்பங்கு அகச்சிவப்புக் கதிராகப் பறந்துபோய்க் கண்ணாடியிலும் ஷேடிலும் தகட்டிலும் படுகிறது. பல்புக்குள் கெட்டுப்போக எதுவுமில்லை. இழை, கண்ணாடி, உலோகம், கொஞ்சம் வாயு அவ்வளவுதான். டோமுக்குள் 100 டிகிரி ஆனாலும் அது கவலைப்படாது. அதைச் சுற்றியிருப்பவை கவலைப்படும். அதனால்தான் ஸ்டிக்கர்.

எல்.இ.டி.யில் அகச்சிவப்பு மிக மிகக் குறைவு. ஒரு வாட்டுக்கு 100 லூமன் (வெளிச்சத்தின் அளவு) தரும் சாதாரண பல்பில், வாங்கிய மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமாகிறது. மீதி, ஒளி தரும் சில்லுகளிலும் அவற்றுக்கேற்ப மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட்டிலும் சூடாகவே நின்றுவிடுகிறது. 9 வாட்டில் 6 வாட். இந்த 6 வாட்டுக்குக் கதிராகப் பறக்கும் வழி கிடையாது. சில்லு, அலுமினியத் தகடு, கழுத்து, அதைச் சுற்றியுள்ள காற்று என்று தொட்டுத் தொட்டுத்தான் வெளியேற வேண்டும். டோம் என்பது கடைசிப் படியான அந்தக் காற்றை அடைத்து வைத்துவிடுகிறது.

இப்போது கூரைவிளக்கின் டோம். கண்ணாடியின் பரப்பு சுமார் 0.10 சதுர மீட்டர். மேல் தகடு கூரையோடு ஒட்டியிருப்பதால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். கண்ணாடியின் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும் சேர்த்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக 1 டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 5 வாட் கடக்கும். ஆக இந்த டோமில் அரை வாட்டுக்கு 1 டிகிரி.

12 வாட் இரண்டு போட்டால் சூடு 16 வாட். உள்காற்று அறையைவிட 31 டிகிரி கூடும். அறை 32 டிகிரி என்றால் உள்ளே 63. பல்பின் கழுத்து தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட 40 டிகிரி அளவுக்குச் சூடாக இருக்கும். ஆக 103. இது தோராயக் கணக்கு. நிஜத்தில் சூடான காற்று மேலே தேங்கும், ஹோல்டரும் மேலேதான் இருக்கிறது என்பதால் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி கூடத்தான் வாய்ப்பு. பல பல்ப் பெட்டிகளில் சுற்றுக்காற்றின் உச்சவரம்பு 40 அல்லது 45 டிகிரி என்று இருக்கும். 63 அதைத் தாண்டிவிட்டது.

டோமின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொன்று. ஒரே ஒரு 9 வாட் பல்ப், 6 வாட் சூடு. 20 செ.மீ. விட்டமுள்ள முழு உருண்டைக் குளோபில் உள்காற்று 10 டிகிரிதான் ஏறும். 15 செ.மீ. குளோபில் 17. 10 செ.மீ. குளோபில் 38. விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசியாகிவிடுகிறது, வேறொன்றுமில்லை. "மூடிய ஃபிட்டிங் ஆகுமா, ஆகாதா" என்று பொதுவாகக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, முதலில் விட்டத்தை அளந்துவிட்டு வாருங்கள்.

குளிர்வெளிச்சம்:

103 டிகிரி என்றால் பல்ப் தீப்பிடிக்குமா? வீட்டில் குழந்தைகள் தூங்கும் அறையில் போடுகிறோம். இதைத்தான் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சால்டர்முனை:

தீப்பிடிக்கிறது அரிது. பெரும்பாலும் பல்ப் செத்துப்போகும், அவ்வளவே. ஆனா எப்படிச் சாகுதுங்கிறதுல நல்ல பல்புக்கும் மட்டமான பல்புக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. உள்ளே இருக்கறதைச் சொல்றேன்.

குடுவையைக் கழட்டினா வட்டமான அலுமினியத் தகடு. அதுமேல மஞ்சள் சதுரங்களா சில்லுகள், பெரும்பாலும் எல்லாம் தொடர் இணைப்பு. தகட்டுக்குக் கீழே, கழுத்துக்குள்ள, சுண்டுவிரல் அளவு டிரைவர் போர்டு. அதுல உருளையா நிக்கிறது எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். சூட்டுல முதல்ல களைச்சுப்போறது இதுதான். உள்ளே திரவம் இருக்கு. ரப்பர் அடைப்பு வழியா அது கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகிடும். 10 டிகிரி கூடினா ஆயுள் பாதின்னு ஒரு கைக்கணக்கு இருக்கு, நல்லாவே பொருந்தும். மேல "105 டிகிரி"ன்னு அச்சடிச்சிருந்தாலும், அந்தச் சூட்டுல தாங்கறது சாதாரண ரகம் 2,000 மணி நேரம், உயர்ந்த ரகம் 10,000 மணி நேரம். ஓம்விதி கணக்குல வந்த 103 டிகிரியில 2,000 மணி நேர ரகம் இருந்தா, தினம் 6 மணி நேரம் எரிச்சாலும் ஒரு வருஷத்துல கதை முடிஞ்சுது. அதே கெபாசிட்டரை 75 டிகிரியில வச்சா எட்டு மடங்கு.

அறிகுறிகளைப் பார்த்தே எது போச்சுன்னு சொல்லிடலாம். போட்டு 20 நிமிஷம் கழிச்சு அணைஞ்சு, ஆறினதும் தானா எரிஞ்சா, டிரைவரைக் கட்டுப்படுத்தற ஐ.சி.யோட சூட்டுப் பாதுகாப்பு வேலை செய்யுது. பல்ப் இன்னும் கெடலை, இடம்தான் ஒத்துக்கலை. அணையாம மங்கிக்கிட்டே போனாலும் அதே கதை, சூடு கூடினா ஐ.சி. கரண்டைக் குறைச்சுக்கும். போட்டதும் படபடன்னு துடிச்சா கெபாசிட்டர் காய்ஞ்சிருக்கு. மொத்தமா எரியலைன்னா சில்லுகளை உத்துப் பாருங்க, ஏதோ ஒண்ணுல ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி இருக்கும். தொடர் இணைப்புங்கிறதால ஒண்ணு போனா எல்லாம் போச்சு.

ஆபத்துக்கு வர்றேன். ஒழுங்கான பல்புல மின்சாரம் நுழையற இடத்துல ஃபியூஸ் மாதிரி வேலை செய்யற ரெசிஸ்டர் ஒண்ணு இருக்கும், 10 ஓம் மாதிரி சின்ன மதிப்பு. உள்ளே ஏதாவது ஷார்ட் ஆனா அது அறுந்து நின்னுடும். தீயை வளர விடாத பிளாஸ்டிக்லதான் கழுத்தும் செஞ்சிருப்பாங்க. மட்டமான பல்புல இந்த ரெண்டும் இருக்காது. மூடின டோமுக்குள்ள அப்படிப்பட்ட பல்பைப் போடறதுதான் உண்மையான ஆபத்து. தரச் சான்று முத்திரை, வாட், வோல்ட், தயாரிப்பாளர் பேர் எதுவும் அழியாத மாதிரி அச்சாகாத பல்பை மூடின ஃபிட்டிங் பக்கமே கொண்டு போகாதீங்க.

இதைவிட நான் அதிகமா பயப்படறது ஒண்ணு இருக்கு. குடுவையைக் கழுத்தோட ஒட்டியிருக்கற பசை சூட்டுல இளகி, குடுவை கழண்டு டோமுக்குள்ள விழுந்து கிடக்கும். பல்ப் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். இன்னைக்கு விக்கிற பல்புகள்ல பெரும்பாலானதுல டிரைவர் மெயினோட நேரடித் தொடர்புல இருக்கு, நடுவுல பிரிக்கிற டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. அந்தச் சில்லுத் தகட்டைத் தொட்டா மெயினைத் தொட்ட மாதிரி. டோமைக் கழட்டறப்போ உள்ளே குடுவை உருள்ற சத்தம் கேட்டா அப்படியே நிறுத்தி, எம்.சி.பி.யை (மெயின் பெட்டியில இருக்கற பிரேக்கர் சுவிட்ச்) இறக்கிட்டு மீதி வேலையைப் பாருங்க.

செம்புக்கம்பி:

எம்.சி.பி. விஷயத்தை அடிச்சுச் சொல்றேன். சுவிட்சை அணைச்சா போதும்னு நினைக்காதீங்க. ஒயரிங் மாறி நியூட்ரல் மேல சுவிட்ச் இருந்தா, அணைச்ச பிறகும் ஹோல்டர்ல ஃபேஸ் உயிரோட நிக்கும். சுவிட்ச் அணைச்சிருக்கறப்போ எல்.இ.டி. லேசா மினுக்கிட்டு இருந்தா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். (இண்டிகேட்டர் உள்ள சுவிட்சாலயும் மினுக்கும், ஆனா சோதிக்காம விடக் கூடாது.) இ27 ஹோல்டர்ல ஃபேஸ் நடு நாக்குக்கும் நியூட்ரல் மரைக்கும் போகணும். மாறியிருந்தா பல்பைச் சுத்தும்போது விரல் படற மரையிலயே ஃபேஸ் இருக்கும்.

பல வருஷம் குண்டு பல்ப் எரிஞ்ச பழைய ஃபிட்டிங்னா எல்.இ.டி.க்கு மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு இடம் பாருங்க. ஒண்ணு, ஹோல்டருக்குப் போற ஒயர். சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரிக்குத்தான். பழைய சூட்டுல பழுப்பாகி, வளைச்சா பிஸ்கட் மாதிரி உடையும். உடைஞ்சா அந்தத் துண்டை வெட்டி எறிஞ்சுட்டு, சிலிக்கோன் உறை போட்ட ஒயரை செராமிக் கனெக்டர் வச்சு இணைங்க. டேப் சுத்தி ஒப்பேத்தாதீங்க, அந்தப் பசை சூட்டுல வழிஞ்சுடும். ரெண்டு, ஹோல்டரோட நடு நாக்கு. வருஷக்கணக்கா அமுங்கிக் கிடந்து தட்டையாகியிருக்கும். பல்போட மையப்புள்ளி அதைச் சரியாத் தொடாம தீப்பொறி பறக்கும், அங்க கரி படியும். எம்.சி.பி. இறக்கி, டெஸ்டர்ல பார்த்துட்டு, சின்ன ஸ்க்ரூடிரைவரால நாக்கை 2, 3 மில்லிமீட்டர் மெதுவா மேல தூக்கி விடுங்க. கரி புடிச்சிருந்தா ஹோல்டரையே மாத்துங்க, பீங்கான் ஹோல்டரா போடுங்க. பின் வச்ச பி22 ஹோல்டர்னா ஸ்பிரிங் தளர்ந்திருக்கான்னு விரலால அமுக்கிப் பாருங்க, இதுவும் எம்.சி.பி. இறக்கின பிறகுதான்.

எல்.இ.டி. வாட் குறைவு, அதனால கரண்ட் குறைவு, அதனால லூஸ் காண்டாக்ட் பரவாயில்லைன்னு சிலர் சொல்றாங்க. தப்பு. எல்.இ.டி. பல்புக்குள்ள கெபாசிட்டர் இருக்கறதால ஒவ்வொரு தடவை தொட்டு விலகும்போதும் நொடிநேரத்துக்குப் பெரிய கரண்டை இழுக்கும். அந்தப் பொறிதான் நாக்கைத் தின்னுது, டிரைவரையும் சாகடிக்குது.

பாதரசம்:

சி.எஃப்.எல். பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சுருக்கமாகச் சொன்னால் மூடிய டோமுக்குள் சி.எஃப்.எல். இன்னும் மோசமான தேர்வு.

அதன் அடிப்பகுதியில் எலக்ட்ரானிக் சோக் இருக்கிறது. அதிலும் அதே எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர், கூடவே இரண்டு டிரான்சிஸ்டர். அதே வெளிச்சத்துக்கு எல்.இ.டி.யைவிட ஒன்றரை மடங்கு வாட் இழுக்கும். மூடி மேலே, குழல் கீழே என்று தொங்கவிட்டால் குழலின் சூடு முழுவதும் நேராகச் சோக்கைப் போய்ச் சுடும். மூடி கீழே இருக்கும்படி நிற்க வைப்பதுதான் அதற்கு உகந்த நிலை. படுக்கைவாட்டில் வைப்பது இரண்டுக்கும் நடுவில்.

வெளிச்சமும் குறையும். குழலுக்குள் பாதரச ஆவியின் அழுத்தம் ஓரளவில் இருக்கும்போதுதான் வெளிச்சம் உச்சத்தில் இருக்கும், குழலின் மிகக் குளிர்ந்த புள்ளி 40 டிகிரியை ஒட்டியிருக்கும்போது. அதைத் தாண்டிச் சூடேறினால் ஆவி மிகுந்து, வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மங்கும். மூடிய விளக்குக்கென்றே பாதரசத்தை ரசக்கலவையாக வைத்த ரகங்கள் உண்டு. அவை சூட்டைத் தாங்கும், ஆனால் முழு வெளிச்சத்துக்கு வர ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது சி.எஃப்.எல். சாகும் விதம். குழல் முனையில் உள்ள இழைகளின் பூச்சு தீர்ந்த பிறகும் சோக் விடாமல் மின்னழுத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். முனைகள் அளவுக்கு மீறிச் சூடாகி, குழல் நுழையும் இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பாகி, சில சமயம் கருகி ஓட்டை விழும். நாற்றம் வரும், லேசான புகையும் வரலாம். நல்ல தயாரிப்பில் அந்தப் பிளாஸ்டிக் தீயைப் பரப்பாது. ஆனாலும் அதை டோமுக்குள் அடைத்து, கண்ணில் படாமல் வைத்திருப்பது சரியல்ல. குழலின் அடி கறுத்துவிட்டதா, போட்டதும் தடுமாறுகிறதா, உடனே கழற்றிவிடுங்கள். "எரியற வரைக்கும் எரியட்டும்" என்பது குண்டு பல்புக்குப் பொருந்திய வழக்கம்.

கழற்றும்போது கண்ணாடிக் குழலைப் பிடித்துத் திருகாதீர்கள், பிளாஸ்டிக் அடியைப் பிடியுங்கள். உடைந்துவிட்டால் அறையிலிருந்து எல்லோரும் வெளியேறி, ஏ.சி.யை நிறுத்தி, சன்னலைத் திறந்து 5 முதல் 10 நிமிடம் விடுங்கள். துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் வேண்டாம், பாதரசத்தையும் தூளையும் பரப்பிவிடும். கெட்டி அட்டையால் கண்ணாடியைக் கூட்டி அள்ளி, ஒட்டும் டேப்பால் பொடியை எடுத்து, ஈரக் காகிதத்தால் தரையைத் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். ஒரு பல்பில் இருப்பது 5 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவு. பதற்றம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையின்படி வீட்டு உபயோகத்துக்கான 30 வாட் வரையிலான சி.எஃப்.எல். தயாரிப்பை நிறுத்த 2025 என்று ஆண்டு குறித்தாயிற்று. கையிருப்பில் உள்ளவற்றை எரித்துத் தீர்க்க வேண்டுமானால் திறந்த ஹோல்டரில் எரியுங்கள்.

கூரைவிளக்கு:

எல்லோருக்கும் நன்றி. சி.எஃப்.எல். எண்ணத்தை விட்டுவிட்டேன். இரண்டு சந்தேகம். வெளிச்சம் சுமார் 1,100 லூமனாவது வேண்டும். ஒரு 12 வாட் மட்டும் போட்டு இன்னொரு ஹோல்டரைக் காலியாக விடுவதா, இல்லை இரண்டிலும் 7 வாட் போடுவதா? 14 வாட்டைவிட 12 வாட் குறைவுதானே? அடுத்தது, தகட்டில் நாலு ஓட்டை போட்டுவிட்டால் காற்று போய் வருமா?

ஓம்விதி:

மொத்த வாட்டைப் பார்த்தால் ஒரு 12 வாட் நல்லது போலத் தோன்றும். கழுத்தைப் பார்த்தால் இரண்டு 7 வாட்தான் நல்லது.

ஒரு 12 வாட் என்றால் சூடு 8 வாட், உள்காற்று 16 டிகிரி ஏறி 48. கழுத்து அதற்கு மேல் 40. ஆக 88. இரண்டு 7 வாட் என்றால் சூடு 9.3 வாட், உள்காற்று 18 டிகிரி ஏறி 50. ஆனால் ஒவ்வொரு கழுத்தும் 5 வாட்டுக்கும் குறைவான சூட்டைத்தான் வெளியேற்ற வேண்டும், ஏற்றம் 28 அளவில் நிற்கும். ஆக 78. சால்டர்முனை சொன்ன கைக்கணக்குப்படி ஆயுள் இரட்டிப்பு. வெளிச்சமும் 1,300 லூமனுக்குப் பக்கத்தில் வந்துவிடும். சூட்டைப் பல கழுத்துகளுக்குப் பங்கிடுவது எப்போதும் லாபம்.

இன்னும் நல்ல வழி, ஒரு வாட்டுக்கு அதிக லூமன் தரும் ரகம். 4 வாட்டில் 840 லூமன் தருகிற பல்புகள் இப்போது உள்ளன. இரண்டு போட்டால் மொத்தம் 8 வாட்டில் 1,680 லூமன். அவை பெரும்பாலும் இழை வடிவ எல்.இ.டி., கண்ணாடிக்குள் ஹீலியம் அடைத்தவை. ஹீலியம் சூட்டை இழையிலிருந்து கண்ணாடி முழுவதற்கும் பரப்பிவிடுவதால் கழுத்து மட்டும் சுமை தாங்குவதில்லை. அதற்காக மூடிய ஃபிட்டிங்குக்கு ஆகும் என்ற வரியைப் பெட்டியில் தேடாமல் விட்டுவிடாதீர்கள்.

ஃபிட்டிங்கின் தகட்டில் "டி.ஏ." என்ற குறியும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அது ஃபிட்டிங் தாங்கும் சுற்றுவெப்பம். எதுவும் இல்லையென்றால் ஐ.இ.சி. 60598 தரப்படி 25 டிகிரி அறைக்கு என்று பொருள். கோடையில் கூரையடிக் காற்று அதைவிட எவ்வளவு கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செம்புக்கம்பி:

ஓட்டை போடாதீங்க. காத்து ஓடணும்னா கீழ ஒரு வழி, மேல ஒரு வழி ரெண்டும் வேணும். கூரையோட ஒட்டின தகட்டுல ஓட்டை போட்டா அந்தப் பக்கம் காத்து எங்க போகும்? பொய்க்கூரையா இருந்தா அங்க கிடக்கற தூசி, தெர்மாகோல், ஒயர் எல்லாத்துக்கும் சூட்டைக் காட்டற வேலைதான் மிச்சம். குளியலறை, வாசல் விளக்குன்னா இன்னும் மோசம். ஐ.பி.44, ஐ.பி.65னு (தூசியும் தண்ணியும் புகாம தடுக்கற அளவு) போட்ட ஃபிட்டிங்ல ஓட்டை விழுந்த நிமிஷமே அந்த எண் செல்லாது. நீராவியும் பூச்சியும் உள்ளே வரும். ரப்பர் வளையத்தைக் கழட்டறதும் அதே தப்புதான்.

காய்ஞ்ச அறையில, ஸ்க்ரூ வச்சு மாட்டற டோம்னா, கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவுல 5 மில்லிமீட்டர் இடைவெளி வர்ற மாதிரி ஸ்பேசர் வைக்கறவங்க உண்டு. சூடான காத்து மேல் விளிம்பு வழியா கொஞ்சம் கசியும், பலன் இருக்கு. ஆனா ஸ்க்ரூ நீளம் பத்தலைன்னா கண்ணாடி தலையில விழும். கிளிப் வச்ச டோம்ல இதை முயற்சியே பண்ணாதீங்க. வாட்டைக் குறைக்கறது இதைவிட எளிது, பாதுகாப்பும் கூட.

டோமுக்குள்ள செத்த பூச்சி குவிஞ்சிருந்தா மாசத்துக்கு ஒருதடவை கொட்டிச் சுத்தம் பண்ணுங்க. பூச்சிக் குவியல் பல்போட கழுத்தைத் தொட்டுக்கிட்டு இருந்தா கம்பளி போத்தின மாதிரி.

குளிர்வெளிச்சம்:

கழுத்துதான் விஷயம் என்பது இப்போது விளங்குகிறது. நான் முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். கணக்கு போடாமல், வீட்டிலேயே அளந்து பார்க்க வழி உண்டா? அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் டோமுக்கு வெளியிலிருந்தே பல்பைக் குறிவைத்தால் போதுமா?

சால்டர்முனை:

போதாது. கண்ணாடி அந்த அகச்சிவப்பை விடாது. காட்டற எண் டோமோட வெளிக் கண்ணாடிச் சூடு மட்டும்தான். டோமைக் கழட்டின உடனே கழுத்தைக் குறிவச்சாலும், பளபளப்பான அலுமினியமா இருந்தா நிஜத்தைவிட ரொம்பக் குறைச்சுக் காட்டும். பளபளப்பான உலோகம் அகச்சிவப்பைச் சரியா வெளியிடாது, எதிர்ச்சுவரைத்தான் பிரதிபலிக்கும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டை முன்கூட்டியே அங்க ஒட்டி, டேப் மேல அளந்தா நம்பலாம்.

எளிய வழி, கம்பி நுனியில பிளாஸ்டிக் பூசின சென்சார் உள்ள டிஜிட்டல் வெப்பமானி. மைனஸ் 50 முதல் 110 வரை காட்டும். எம்.சி.பி. இறக்கி, சென்சாரை ஹோல்டர் உயரத்துல, பல்பைத் தொடாம காத்துல நிக்கிற மாதிரி தகட்டுல ஒட்டுங்க. கம்பியை டோம் விளிம்பு வழியா வெளியே எடுத்து டோமை மூடுங்க. எல்லா பல்பையும் எரியவிட்டு 2 மணி நேரம். கடைசி 10 நிமிஷத்துல 1 டிகிரிகூட மாறலைன்னா அதுதான் நிலைச்ச எண். உள்காற்று 45க்குள்ள இருந்தா நிம்மதி. 45 முதல் 55 வரைன்னா மூடின விளக்குக்கு ஆகும்னு எழுதின பல்பா வாங்குங்க. 55க்கு மேலன்னா வாட்டைக் குறைங்க. இந்த எல்லைகள் என் கைக்கணக்கு, எந்தத் தரத்துலயும் எழுதினதில்லை.

மல்டிமீட்டரோட கே வகை தெர்மோகப்பிளை (சூட்டை அளக்கற கம்பி) கழுத்துலயே ஒட்டறதுன்னா ரொம்பக் கவனம். அந்த முனை வெறும் உலோகம், மீட்டரோட நேரா இணைஞ்சிருக்கு. மூடி விளிம்புல பட்டா மீட்டர்லயும் மெயின் ஏறிடும். பழுப்பு நிற பாலிமைடு டேப் ரெண்டு சுத்து சுத்தி ஒட்டுங்க, எரியும்போது மீட்டரைக் கையில எடுக்காதீங்க. பழக்கம் இல்லாதவங்க இதைத் தவிர்த்துடறதே நல்லது.

பாதரசம்:

டிம்மர் பற்றி ஒரு வரி. டோம் விளக்கின் சுவிட்சுக்கு முன்னால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மர் இருந்தால், டிம்மருக்கு ஆகாத எல்.இ.டி.யை அதில் போடாதீர்கள். முழு வெளிச்சத்தில் வைத்திருந்தாலும் சரி. டிம்மர் அலையை நடுவில் வெட்டி விடுவதால் டிரைவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குத்து வாங்குகிறது. டோமின் சூட்டோடு அதுவும் சேர்ந்தால் கெபாசிட்டர் தாங்காது.

கூரைவிளக்கு:

இரண்டு 7 வாட் என்று முடிவு செய்துவிட்டேன், பெட்டியில் மூடிய விளக்குக்கு ஆகும் என்ற வரியோடு. 4 வாட் ரகம் கிடைத்தால் அதுவே. கடைசியாக ஒன்று. அப்படி 4 வாட் ஒன்றே போதுமென்று ஒரு ஹோல்டரைக் காலியாக விட நேர்ந்தால் அதில் ஆபத்து உண்டா?

செம்புக்கம்பி:

உண்டு. காலி ஹோல்டர்ல நடு நாக்கு ஃபேஸோட திறந்து நிக்கும். பூச்சி புகுந்தாலும், டோம் துடைக்கும்போது ஈரத்துணி பட்டாலும் வம்பு. செத்த பல்பை அடைப்பாச் சொருகி வைக்கறதும் வேண்டாம், உள்ளே எது எப்படிச் செத்திருக்குன்னு தெரியாது. எம்.சி.பி. இறக்கிட்டு, அந்த ஹோல்டருக்குப் போற ரெண்டு ஒயரையும் கனெக்டர்லயே கழட்டி விடுங்க. கழட்டின முனை ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி செராமிக் கனெக்டர் போட்டு ஸ்க்ரூவை முறுக்கி, தகட்டோரமா, எரியற பல்போட கழுத்துக்கு எட்டாத பக்கமா மடக்கி வைங்க.